மணலில் தமிழ் எழுதிய வெள்ளைக்காரர்

தரங்கம்பாடியில் ஒரு வீடு. 1706-ம் ஆண்டு. வீட்டுக்குள் பிள்ளைகள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். முன்னால் மணல் பரப்பியிருக்கிறது. வாத்தியார் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் விரலால் மணலில் எழுதுகிறார்கள். எழுதியதை உரக்கச் சொல்கிறார்கள்.

அந்த வரிசையில் ஒரு வெள்ளைக்காரரும் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். பிள்ளைகள் எழுதுவதைப் பார்த்து, தானும் மணலில் விரல் வைத்து எழுதுகிறார். அவருக்கு வயது 24. லத்தீன் படித்தவர். பெரிய கல்லூரியில் வேதம் படித்தவர். இங்கே அவர் அரிச்சுவடி மாணவர்!

அவர் பெயர் பார்த்தலோமேயு சீகன்பால்கு. ஜெர்மனி நாட்டுக்காரர். கிறிஸ்தவ மதத்தைப் போதிக்க வந்த பாதிரியார். ஊருக்குப் போதிக்க வந்தவர், முதலில் அந்த ஊர்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்க வேண்டியதாயிற்று. பிறகு 12 ஆண்டுகளுக்கு மேல் அவர் தமிழோடு வாழ்ந்தார். அந்த வாழ்க்கை சுகமான வாழ்க்கை அல்ல. அவருக்குத் தொல்லை கொடுத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்களும் அல்ல.

ராஜா அனுப்பிய ஆள்

தரங்கம்பாடி அப்போது டென்மார்க் நாட்டுக் கம்பெனியின் கையில் இருந்தது. 1620-ம் ஆண்டில் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டேனிஷ்காரர்கள் அங்கே கோட்டை கட்டினார்கள். டேன்ஸ்போர்க் கோட்டை என்று அதற்குப் பெயர். கடற்கரையில் இன்றும் அந்தக் கோட்டை நிற்கிறது. மிளகும் துணியும் வாங்கிக் கப்பல் ஏற்றுவதுதான் அவர்கள் தொழில்.

டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக்குக்கு ஓர் எண்ணம் பிறந்தது. தன் கொடி பறக்கும் ஊரில் தன் மதத்தைச் சொல்ல ஆள் அனுப்ப வேண்டும் என்று விரும்பினார். சொந்த நாட்டில் ஆள் கிடைக்கவில்லை. ஜெர்மனியில் தேடினார்கள். சீகன்பால்கு கிடைத்தார். அவரைவிட ஐந்தாறு வயது மூத்த புளுச்சாவ் என்பவரும் கிடைத்தார்.

சீகன்பால்கு பிறந்தது புல்ஸ்நிட்ஸ் என்ற சிற்றூரில். தந்தை தானிய வியாபாரி. சிறு வயதிலேயே தாயும் போனார், தந்தையும் போனார். வளர்த்தது அக்காள். வயிற்றுக் கோளாறும் பலவீனமும் இளமையிலேயே வந்துவிட்டன. படிப்பைக்கூட நடுவில் நிறுத்த வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட நோஞ்சான் உடம்போடு 1705-ம் ஆண்டு நவம்பர் 29-ந் தேதி கோபன்ஹேகனில் கப்பல் ஏறினார்.

தரங்கம்பாடி வந்து சேர்ந்தது 1706 ஜூலை 9-ந் தேதி. ஏழு மாதத்துக்கு மேல் கடலிலேயே காலம் போயிற்று! ஓர் ஆள் வரவே இவ்வளவு நாள் என்றால் கடிதத்துக்கும் அதே கணக்குத்தான். இங்கே ஒரு கேள்வி எழுதிப் போட்டால் பதில் வர ஒன்றரை ஆண்டு ஆகும், அதுவும் கப்பல் மூழ்காமல் இருந்தால். இதை மறந்துவிட வேண்டாம். பின்னால் வரும் பல துன்பங்களுக்கு இதுவே காரணம்.

வாசலில் நின்றார்கள்

அரசர் அனுப்பிய ஆட்கள் ஆயிற்றே, மாலை போட்டு வரவேற்றிருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை.

கோட்டைத் தலைவராக இருந்தவர் ஹசியஸ் என்பவர். அவர் இருவரையும் பல மணி நேரம் வெளியே காக்க வைத்தார். பிறகு வந்து, "எதற்காக வந்தீர்கள்?" என்ற தோரணையில் விசாரித்தார். அரசர் கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் காட்டியும் அவர் முகம் மலரவில்லை. அன்று தங்க இடமில்லாமல் இருவரும் தெருவில் நின்றார்கள். இரக்கப்பட்டு ஒருவர் இடம் காட்டினார்.

ஹசியசின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. கம்பெனி வியாபாரம் செய்ய வந்தது. தஞ்சாவூர் அரசருக்குக் கப்பம் கட்டிக்கொண்டு, ஊர்ப் பெரியவர்களை அனுசரித்துக்கொண்டு காலம் தள்ளியது. மத விஷயத்தில் கை வைத்தால் ஊர் கொந்தளிக்கும், வியாபாரம் கெடும் என்று பயந்தது. அந்தப் பயத்தை முழுக்க முழுக்கத் தப்பு என்று சொல்லவும் முடியாது.

அழகப்பன் உதவி

அந்தக் காலத்தில் கடற்கரை ஊர்களில் வெள்ளைக்காரர்களோடு பேச போர்ச்சுகீசிய மொழிதான் பயன்பட்டது. பாதிரிமார் இருவரும் வேலையைப் பங்கிட்டுக்கொண்டார்கள். புளுச்சாவ் போர்ச்சுகீசியத்தைக் கவனித்தார். சீகன்பால்கு தமிழை எடுத்துக்கொண்டார்.

வயதான வாத்தியார் ஒருவரைத் தேடிப் பிடித்தார்கள். அவர் தன் பள்ளிக்கூடத்தையே அவர்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அப்படித்தான் மணலில் எழுத்துப் பழகியது. ஆனால் ஒரு சங்கடம். வாத்தியாருக்குத் தமிழ் தவிர வேறு மொழி தெரியாது. எழுத்துக் கூட்டிப் படிக்க வந்துவிட்டது. படித்ததற்கு அர்த்தம் சொல்ல ஆள் இல்லை!

அப்போது உதவிக்கு வந்தவர் அழகப்பன். கம்பெனியில் முன்பு மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். போர்ச்சுகீசியம், டேனிஷ், ஜெர்மன், டச்சு எல்லாம் பேசுவார். அவர் வந்த பிறகு சீகன்பால்குவின் படிப்பு வேகம் பிடித்தது. சில மாதங்களிலேயே தமிழில் பேசத் தொடங்கினார். உதவி செய்த அழகப்பன் பிறகு கம்பெனியின் கோபத்துக்கு ஆளாகி, தரங்கம்பாடியை விட்டே வெளியேற நேர்ந்தது.

காலை 6 மணி முதல் இரவு வரை

சீகன்பால்கு தன் நாள் எப்படிக் கழிகிறது என்பதை ஊருக்கு எழுதிய கடிதம் ஒன்றில் மணிக்கணக்கோடு சொல்லியிருக்கிறார். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள்கூட அப்படி அட்டவணை போட்டிருக்க மாட்டார்கள்.

காலையில் ஜெபம். 6 மணி முதல் 7 வரை வந்தவர்களுக்குத் தமிழில் வேதபாடம். 7 முதல் 8 வரை, முன்பு படித்த தமிழ்ச் சொற்களை மறுபடி ஓர் ஓட்டம் பார்ப்பது. 8 மணிக்குப் படிப்பு தொடங்கினால் பகல் 12 வரை எழுந்திருப்பதில்லை. அந்த நாலு மணி நேரமும் தமிழ்ச் சுவடிகள்தான். வாத்தியார் பக்கத்தில் இருந்து பொருள் சொல்வார். எழுத்தர் ஒருவர் உட்கார்ந்து, புதிதாக வரும் சொற்களை எல்லாம் குறித்துக்கொள்வார்.

12 மணிக்குச் சாப்பாடு. சாப்பிடும்போதும் ஒருவர் படித்துக்கொண்டே இருக்க வேண்டும்! 1 மணி முதல் 2 வரை ஓய்வு. விரும்பி எடுத்த ஓய்வு அல்ல. தரங்கம்பாடி வெயிலில் அந்த நேரத்தில் எதுவும் செய்ய முடியாது என்பதால் எடுத்த ஓய்வு. 2 மணிக்கு வீட்டில் வேதபாடம். 3 முதல் 5 வரை மறுபடி தமிழ்ச் சுவடி. பிறகு ஜெபக் கூட்டம். பிறகு அன்று நடந்ததைப் பற்றிக் கலந்து பேசுவது.

இரவு 7 முதல் 8 வரை எழுத்தர் வாசிக்க, அவர் கேட்பார். விளக்கு வெளிச்சத்தில் அதிகம் படித்தால் கண் கெட்டுவிடும் என்று பயம். 8 மணிக்குச் சாப்பாடு. அப்போதும் வாசிப்பு. அதன் பிறகு பிள்ளைகளைக் கூப்பிட்டு, படித்ததைக் கேட்டு, சற்று நேரம் பேசிக்கொண்டிருப்பார்.

தனக்குப் பிடித்த சுவடிகளை நூறு தடவைகூட வாசிக்கச் சொல்லிக் கேட்டதாக அவரே எழுதியிருக்கிறார். அதில் தெரியாத சொல் ஒன்றும் மிஞ்சக் கூடாதாம். முதல் சில ஆண்டுகள் ஜெர்மன் புத்தகத்தையும் லத்தீன் புத்தகத்தையும் தொடவே இல்லை என்று சொல்லலாம்.

சுவடிகளைத் தேடி ஊர் ஊராக ஆள் அனுப்பினார். படித்தவர்கள் இறந்துபோன வீடுகளில், அவர்கள் மனைவிமாரிடம் சுவடிகளை விலைக்கு வாங்கிவரச் சொன்னார். 1708-ம் ஆண்டில் தான் சேர்த்த சுவடிகளுக்கு ஒரு பட்டியல் எழுதினார். கிறிஸ்தவ நூல்களைத் தவிர, தமிழர்களின் சொந்த நூல்களாக மட்டும் 119 அதில் இருந்தன. ஒவ்வொன்றும் எதைப் பற்றியது என்று குறிப்பும் எழுதினார். திருக்குறளும் அந்தப் பட்டியலில் உண்டு. தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் கொன்றை வேந்தன், உலகநீதி, நீதிவெண்பா மூன்றையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். 1708-லேயே, வந்து இரண்டே ஆண்டில்!

உடைந்த பொம்மைகள்

இவ்வளவு சொன்னதால் அவர் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தவர் என்று நினைத்துவிட வேண்டாம். வந்த புதிதில் ஊருக்கு வெளியே ஒரு கோயிலைப் பார்த்தார். அங்கே மண் உருவங்கள் வரிசையாக இருந்தன. சிலவற்றைக் கீழே தள்ளினார். சிலவற்றின் தலையை உடைத்தார். அங்கே இருந்த ஒருவர் கோபத்தில் கத்தவில்லை. இவை சாமிகள் அல்ல, சாமிக்குக் காவல் இருக்கும் வீரர்கள் என்று விளக்கம் சொன்னார்.

அடுத்தவர் வழிபடும் இடத்தில் நுழைந்து இப்படிச் செய்தது அநியாயம்தான். அதை அவரே மறைக்காமல் ஊருக்கு எழுதினார். எது சாமி, எது காவல் வீரன் என்று தெரியாமலே கை நீட்டிய இதே மனிதர், ஏழு ஆண்டு கழித்து, தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய புத்தகமே எழுதினார். சிவன், திருமால் முதல் ஐயனார், மாரியம்மன் வரை ஒவ்வொரு தெய்வத்தையும் விவரித்தார். தன் கருத்தை மட்டும் எழுதவில்லை. தமிழர்களிடம் கேள்வி எழுதி அனுப்பி, அவர்கள் எழுதிய பதில்களையும் கேட்டு வாங்கினார்.

அந்தப் பதில் கடிதங்கள் 99, ஜெர்மன் மொழியில் அச்சாகி வெளிவந்தன. தமிழர்கள் அதில் சும்மா தலையாட்டவில்லை. மாட்டிறைச்சி தின்பது, குடித்து ஆடுவது, உடல் சுத்தம் இல்லாதது என்று வெள்ளைக்காரர்களின் குறைகளை அடுக்கினார்கள். தரங்கம்பாடித் தெருவில் டேனிஷ் சிப்பாய்களைத் தினமும் பார்த்தவர்கள் வேறு என்ன எழுதுவார்கள்? சீகன்பால்குவும் அதை மறுக்க முடியாமல் தவித்தார்.

அடிமைகளும் ஒரு விதவையும்

டேனிஷ் துரைமார் வீடுகளில் அடிமைகள் இருந்தார்கள். பாதிரிமார் முதலில் பாடம் சொன்னது அவர்களுக்குத்தான். 1707-ம் ஆண்டு மே மாதம் ஐந்து அடிமைகள் ஞானஸ்நானம் பெற்றார்கள். அதே ஆண்டு ஆகஸ்டு 14-ந் தேதி ஒரு சிறு கோயில் எழும்பியது. பள்ளிக்கூடமும் வைத்தார்கள். பெண்பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட காலம் அது.

கிறிஸ்தவ மதத்தில் சேர்ந்த தமிழர்களுக்குத்தான் பெரிய சோதனை. வீடு போயிற்று, உறவு போயிற்று. மணலில் எழுதச் சொல்லிக் கொடுத்த கிழ வாத்தியாரின் மகன் கணபதி வாத்தியார். அவர் கவி பாடுவார். 1709-ல் அவர் மதம் மாறியபோது, பெற்றோரும் உறவினரும் எவ்வளவோ தடுத்தார்கள். பிள்ளைக்கும் வேதனை, பெற்றவர்களுக்கும் வேதனை. பாதிரியாருக்கு மாணவர் கிடைத்தார். அந்தக் கிழவர் வீட்டில் அன்று என்ன நடந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

1708-ம் ஆண்டு, கணவனை இழந்த ஓர் ஏழைப் பெண்ணின் வழக்கு வந்தது. இறந்துபோன கணவனுக்கும், கம்பெனி மொழிபெயர்ப்பாளன் ஒருவனுக்கும் இருந்த கடன் தகராறு. தனக்கு நியாயம் கிடைக்கவில்லை என்று அந்தப் பெண் பாதிரியாரிடம் வந்து அழுதாள். சீகன்பால்கு அவளுக்காகப் பேசினார். விட்டுக்கொடுக்காமல் திரும்பத் திரும்பப் பேசினார்.

ஹசியசுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. தன் அதிகாரத்தில் பாதிரி தலையிடுவதா? சிப்பாய்களை அனுப்பி அவரைப் பிடித்துக் கோட்டைக்குள் அடைத்தார். நவம்பர் மாதம் போனவர் மார்ச் மாதம்தான் வெளியே வந்தார். நாலு மாதம்! ராஜா அனுப்பிய ஆளை ராஜாவின் கோட்டையிலேயே அடைத்தார்கள். ராஜாவுக்குச் செய்தி போய், அவர் பதில் வருவதற்குள் தண்டனையே முடிந்துவிடும். முதலில் பேனாவும் காகிதமும்கூடக் கொடுக்கவில்லை.

சோதனை அதோடு நிற்கவில்லை. செலவுக்காக ஐரோப்பாவிலிருந்து பணம் வந்தது. தரங்கம்பாடியில் துறைமுகம் கிடையாது. கப்பல் தொலைவில் நிற்கும், படகில்தான் கரைக்கு வர வேண்டும். பணப்பெட்டி வந்த படகு அலையில் கவிழ்ந்தது. இரண்டு ஆண்டு காத்திருந்த பணம் கண்ணெதிரே கடலில் போயிற்று.

சிறையிலிருந்து அச்சுக்கூடம் வரை

சிறைக்குப் போவதற்குச் சில வாரம் முன்பு, 1708 அக்டோபரில், அவர் ஒரு வேலையைத் தொடங்கியிருந்தார். பைபிளின் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கும் வேலை. சிறையால் தடைப்பட்ட அந்த வேலை 1711 மார்ச் மாதம் முடிந்தது.

அச்சடிக்க வேண்டுமே? தமிழில் அச்சுப் புத்தகம் 1578-லேயே வந்திருக்கிறது. ஆனால் பாதிரிமார் கையில் அப்போது அச்சு யந்திரம் இல்லை. லண்டனிலிருந்து ஒரு சங்கத்தார் யந்திரம் அனுப்பினார்கள். அதோடு ஓர் அச்சுக்காரரையும் அனுப்பினார்கள். வழியில் பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் கப்பலைப் பிடித்துக்கொண்டார்கள். எப்படியோ யந்திரம் தப்பியது. ஆனால் அச்சுக்காரர் நடுவழியில் நோய் வந்து இறந்துபோனார். யந்திரம் மட்டும் வந்து சேர்ந்தது, ஓட்ட ஆள் இல்லை! நல்ல வேளையாக, தரங்கம்பாடிச் சிப்பாய்களுக்குள்ளேயே அச்சு வேலை தெரிந்த ஒருவன் இருந்தான்.

தமிழ் எழுத்துக்களை ஜெர்மனியில் வார்த்து அனுப்பினார்கள். 1713-ல் வந்தது. எழுத்து மிகவும் பெரிதாக இருந்தது. அந்த அளவில் அச்சடித்தால் காகிதம் கட்டுப்படியாகாது. ஆகவே இங்கேயே, பொறையாற்றில், சிறிய எழுத்துக்களை வார்த்தார்கள். 1715-ல் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாகி முடிந்தது. இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அதுதான்.

கடைசிக் கடிதம்

1714-ல் அவர் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார். மலையப்பன் என்ற தமிழ் இளைஞனையும் கூட்டிக்கொண்டு போனார். கப்பலில் இவன் பேச அவர் எழுத, ஒரு தமிழ் இலக்கணம் உருவாயிற்று. லத்தீன் மொழியில் எழுதிய அந்தப் புத்தகம் 1716-ல் ஜெர்மனியில் ஹாலே நகரில் அச்சாயிற்று. அந்தப் பயணத்தில் மரியா டோரத்தேயா என்ற பெண்ணை மணந்துகொண்டு, 1716-ல் தரங்கம்பாடி திரும்பினார். 1718 அக்டோபர் 11-ந் தேதி புதிய எருசலேம் ஆலயம் என்ற பெரிய கோயில் திறக்கப்பட்டது.

இனியாவது நிம்மதி என்று இருந்தபோது, கோபன்ஹேகனிலிருந்து கடிதங்கள் வந்தன. அங்கே இந்த வேலைகளை மேற்பார்வை பார்த்த வெண்ட் என்பவர் எழுதியவை. கோயில் கட்டுவது எதற்கு, பள்ளிக்கூடம் எதற்கு, வீடு வாசல் எதற்கு? அந்தக் காலத்துச் சீடர்களைப் போல, கையில் ஒன்றும் இல்லாமல் ஊர் ஊராக நடந்து போதிக்க வேண்டியதுதானே என்று கடுமையாகக் கண்டித்தார். வெண்ட் தரங்கம்பாடியைப் பார்த்தவர் அல்ல. தஞ்சாவூர் அரசரின் அனுமதி இல்லாமல் வெள்ளைக்காரர் உள்நாட்டில் காலடி வைக்க முடியாது என்பதை அவர் நினைத்துப் பார்க்கவும் இல்லை.

ஹசியஸ் அடைத்த சிறை சீகன்பால்குவை வீழ்த்தவில்லை. இந்தக் கடிதங்கள் வீழ்த்திவிட்டன. ஏற்கனவே வயிற்றுக் கோளாறு. இப்போது படுத்த படுக்கையானார். 1719 பிப்ரவரி 23-ந் தேதி உயிர் பிரிந்தது. வயது 36. தான் கட்டிய கோயிலுக்குள்ளேயே அவரை அடக்கம் செய்தார்கள். அவரோடு பாடுபட்ட குருண்ட்லர் மறு ஆண்டே இறந்தார். அவரும் அதே கோயிலில்தான் அடக்கமானார். பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு, ரூத் என்ற ஆகமத்தோடு நின்றிருந்தது. மற்றதைப் பின்னால் வந்தவர்கள் முடித்தார்கள்.

தெய்வங்களைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் என்ன ஆயிற்று? 1713-லேயே அதை ஜெர்மனிக்கு அனுப்பியிருந்தார். அங்கே பிராங்கே என்ற பெரியவர் இருந்தார். சீகன்பால்குவுக்கு ஆசான் அவர். புத்தகத்தைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். அந்த மதத்தை ஒழிக்கத்தான் உங்களை அனுப்பினோம், அந்தக் கதைகளை ஐரோப்பாவில் பரப்புவதற்கு அல்ல என்று சொல்லி, அச்சுக்குக் கொடுக்காமல் நிறுத்திவிட்டார். கையெழுத்துப் பிரதி 150 ஆண்டுகளுக்கு மேல் ஹாலேயில் கிடந்தது. கடைசியில் அது அச்சான ஆண்டு 1867. அச்சான ஊர் ஜெர்மனியில் இல்லை. நம் சென்னைப் பட்டணம்.